வடசென்னைக்கு எந்த சைக்கிள்? அடிக்கடி கடைக்குத் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க

காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என எந்தப் பக்கம் இருந்தாலும், தினமும் வேலைக்கோ மெட்ரோ ஸ்டேஷனுக்கோ போய்வர சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: கியரைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். நம் பக்கம் சைக்கிளைக் கெடுப்பவை மூன்று. கடலிலிருந்து வரும் உப்புக்காற்று, மழையில் தேங்கும் தண்ணீர், கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிக் குழிவிழுந்த ரோடு. கடையில் கண்ணைப் பறிக்கிற சைக்கிள் இந்த மூன்றில் ஒன்றுக்காகவாவது செய்யப்பட்டதா என்று பார்த்தால் பெரும்பாலும் இல்லை.

உப்புக்காற்றைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அம்பத்தூரில் இரண்டு வருஷம் பளபளப்பாக இருக்கும் போல்ட்டு ராயபுரத்தில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பழுப்பு ஏறிவிடும். காசிமேட்டுப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் மோசம், மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, அதன் மேல் ஓட்டினால் செயினும், பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான பிரீவீலும் நேராக உப்புத் தண்ணீரில் குளிக்கின்றன. துரு முதலில் பிடிப்பது செயின், போக்ஸ் கம்பி, கம்பியை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள், பிரேக் கேபிள், சின்னச் சின்ன போல்ட்டு நட்டு. அதனால் இந்த மாதிரி வெளியே தெரிகிற நுண்ணிய பாகங்கள் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மற்ற எல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

கியர் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர் தட்டை. ஏற்றம் என்று பார்த்தால் பேசின் பிரிட்ஜ் மேம்பாலம், மின்ட் மேம்பாலம் மாதிரி சில பாலங்கள், ரயில்வே லைனுக்குக் கீழே இறங்கி ஏறும் சுரங்கப்பாதைகள், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதாரண ஒற்றை கியர் சைக்கிளில், 26 இஞ்ச் சக்கரம் என்றால் பெடலை ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறக்குறைய 5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது மூச்சு வாங்காத மிதி, மணிக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும். திருவொற்றியூர் ஹை ரோட்டில் காலை நேரத்தில் பைக்கே அதற்கு மேல் எங்கே போகிறது? பாலம் ஏறும்போது முட்டி கனக்கிறது, இல்லை தினமும் பின்னால் பிள்ளையையோ தண்ணீர் கேனையோ வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால், பின்னால் இருக்கும் 18 பல் பிரீவீலைக் கழற்றி 20 பல் போடச் சொல்லுங்கள். மலிவான வேலை, அதைக் கழற்றும் டூல் பெரும்பாலான சைக்கிள் கடைகளில் இருக்கும், மிதி நன்றாகவே லேசாகும்.

கியர் சைக்கிளில் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கை தொங்குமே, செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது, அதுதான் சிக்கல். மெட்ரோ ஸ்டேஷன் பார்க்கிங்கில் யாரோ ஒருவர் பைக்கை நகர்த்தும்போது அது இடித்து லேசாக வளைந்தால் போதும், கியர் ஒழுங்காக விழாது. இழுக்கும் கேபிளுக்குள் உப்பும் ஈரமும் போனால் லீவர் கெட்டியாகிவிடும். செயினும் மெல்லியது, சீக்கிரம் தேயும். பின் சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே, அதாவது நடுவில் அச்சு ஓடும் உருளைக்குள்ளேயே, கியர் அடங்கிய வகையும் உலகத்தில் இருக்கிறது, தண்ணீரும் மண்ணும் படாது, மிக நல்ல ஏற்பாடு, நூறு வருஷத்துக்கு மேல் பழசு. ஆனால் அது ஒரு நாள் நின்றால் அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆளையும் சாமானையும் நம் பக்கம் தேடி அலைய வேண்டும். பெல்ட்டில் ஓடும் சைக்கிளுக்கும் இதே பதில்தான்.

ஒற்றை கியர் என்று முடிவானதும் அடுத்துப் பார்க்க வேண்டியது செயின் கவர். பாதி கவர் இல்லை, முழு கவர். இதைக் கேட்டால் கடைக்காரரே சில சமயம் வேண்டாம் சார், பழைய மாடல் மாதிரி இருக்கும் என்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். முழுசாக மூடிய செயினில் மழைச் சேறு தெறிக்காது, போட்ட எண்ணெய் நிற்கும், வேட்டி, புடவை, சுடிதார் பேன்ட், லுங்கி எதுவும் சிக்காது, ஆபீஸ் பேன்ட்டின் கால் ஓரத்தில் கறுப்புக் கறை வராது. அந்தக் குட்டிக் கை தொங்கும் கியர் சைக்கிளில் முழு கவர் போட வழியே இல்லை, கியரை விடச் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். அதோடு இரண்டு சக்கரத்துக்கும் முழு நீள மட்கார்டு. முன் மட்கார்டு தரையை நோக்கி நன்றாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும், அப்போதுதான் முன் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் பெடல் அச்சில் குண்டுகள் உருளும் பால்ரஸ் மேல் படாது. இறங்கவில்லை என்றால் ஒரு துண்டு ரப்பர் ஷீட்டை வெட்டி போல்ட்டு போட்டுத் தொங்கவிடலாம், பழைய லோடு சைக்கிள்களில் பார்த்திருப்பீர்கள்.

இப்போது சக்கரம். பணம் போட வேண்டிய இடம் இதுதான். மலிவு சைக்கிள்களில் ரிம் இரும்பு, மேலே முலாம். வாங்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், முலாம் எங்கே உரிந்ததோ அங்கே துரு கிளம்பும். துருவைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், பிடித்தும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் ஹார்பருக்குப் போகும் லாரி வருகிற ரோட்டில் அது விளையாட்டு இல்லை. அலுமினிய ரிம் கேளுங்கள், கடையில் அலாய் ரிம் என்பார்கள். அதிலும் இரட்டைச் சுவர் ரிம் இருந்தால் குழியில் விழும்போது சீக்கிரம் கோட்டம் வராது. கம்பியை எண்ணிப் பாருங்கள், சக்கரத்துக்கு 36 இருந்தால் நமக்கு நல்லது. பழைய பெரிய சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 போட்டிருப்பார்கள், சுமை பின்னால்தான் ஏறுகிறது என்பதால். அது நல்ல கணக்கு. ஸ்டீல் கம்பி, அதாவது துருப்பிடிக்காத கம்பி, கிடைத்தால் கூடக் கொஞ்சம் கொடுத்தாவது வாங்குங்கள். கடலோரம் இருப்பவர்களுக்கு இது ஆடம்பரச் செலவு இல்லை.

டயர் பருமனாக இருக்கட்டும். ஒன்றரை இஞ்ச் முதல் இரண்டு இஞ்ச் வரை. ரேஸ் சைக்கிள் மாதிரி மெல்லிய டயர் எண்ணூர் விரைவுச்சாலைக்கு ஆகாது. அதே சமயம் டிராக்டர் மாதிரி பெரிய பெரிய கட்டை வைத்த டயரும் வேண்டாம், தார் ரோட்டில் அது சத்தம் போட்டு உங்கள் காலின் பலத்தைத்தான் தின்னும். நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் லேசான வெட்டுகளோடும் இருப்பதைப் பாருங்கள். கொருக்குப்பேட்டை கேட் மாதிரி ரயில் பாதை கடக்கும் இடத்திலும் பருமனான டயர்தான் காப்பாற்றும், தண்டவாளத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மெல்லிய டயர் போய் உட்கார்ந்துவிடும். எந்த டயராக இருந்தாலும் தண்டவாளத்தைக் குறுக்கே நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போகக் கூடாது, மழை நாளில் கண்டிப்பாக.

டயர் அளவில் ஒரு குழப்பம் இருக்கிறது, வாங்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது. 26 என்று எழுதிய டயர் எல்லாம் ஒன்று இல்லை. 26 x 1.95 ஒரு வகை, 26 x 1⅜ வேறு வகை, 26 x 1½ இன்னொரு வகை, ஒன்று மற்றதன் ரிம்மில் உட்காராது. டயர் பக்கவாட்டில் 50-559 மாதிரி ஒரு எண் பொறித்திருக்கும், அதில் பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் உண்மையான அளவு. 559 என்றால் சாதாரண எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் வகை 26. 590 என்றால் 26 x 1⅜. 635 என்றால் அப்பா தாத்தா ஓட்டிய 28 x 1½. 622 என்றால் 700சி, 29 என்று விற்பதும் இதே ரிம்தான். 584 என்றால் இப்போது 27.5 என்று விற்பது. 559-க்கும் 635-க்கும் டயர் டியூப் சின்னக் கடையிலும் தொங்கும். 27.5, 29 எல்லாம் இப்போது பெரிய கடைகளில் கிடைக்கிறது, ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மணலி சாலையில் டயர் கிழிந்தால் நீங்கள் போய் நிற்கப்போவது பெரிய கடை வாசலில் இல்லையே.

வால்வும் அப்படித்தான். பைக் டயரில் இருக்கிற மாதிரி தடித்த வால்வு உள்ள டியூப் என்றால் பைக் பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் காற்று பிடிக்கலாம். பங்க் மெஷினில் பிடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், சைக்கிள் டியூபில் காற்று சட்டென்று ஏறிவிடும். உள்ளே ரப்பர் குழாய் மாட்டிய பழைய வகை வால்வும் பரவாயில்லை, சைக்கிள் கடையில் பிரச்சினை இல்லை, அந்த ரப்பர் குழாய் சில வருஷத்தில் இற்றுப்போய் காற்று கசியும், சில ரூபாயில் மாற்றிவிடலாம். ரேஸ் சைக்கிள்களில் வரும் ஒல்லி வால்வு மட்டும் வேண்டாம்.

பஞ்சர் பயத்தில் காற்றே இல்லாத கெட்டி டயர் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ரோட்டில் அதை ஓட்டினால் குழியின் அடி முழுக்க உங்கள் முதுகுக்கும் போக்ஸ் கம்பிக்கும்தான் போகும். பஞ்சரில் கணிசமான பங்கு காற்று குறைவாக ஓட்டுவதால் வருவது. டியூபில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் ஆணி குத்தவில்லை, காற்று இல்லாத டயர் குழியில் இறங்கி ரிம்மும் ரோடும் சேர்ந்து டியூபை நசுக்கியிருக்கிறது என்று அர்த்தம். டயர் பக்கவாட்டிலேயே எவ்வளவு பிஎஸ்ஐ, அதாவது எவ்வளவு காற்றழுத்தம், என்று போட்டிருப்பார்கள். வாரத்துக்கு ஒரு முறை காற்று அடிப்பது, வீட்டில் ஒரு கைப்பம்பு வைத்துக்கொள்வது, இந்த இரண்டும் போதும்.

பிரேக்கில் எனக்குப் பிடித்தது கடைகளில் பவர் பிரேக் என்று சொல்லும் வகை, நீளமான இரண்டு கை ரிம்மைப் பக்கவாட்டில் பிடிப்பது. அலாய் ரிம்மோடு சேர்ந்தால் மழையிலும் நன்றாகப் பிடிக்கும், கட்டை தேய்ந்தது கண்ணுக்குத் தெரியும், ஒரு ஸ்பேனரும் ஒரு ஆலன் சாவியும் இருந்தால் நீங்களே மாற்றலாம். டிஸ்க் பிரேக் கெட்டது இல்லை, ஈரத்தில் அதுதான் நன்றாக நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் மலிவு சைக்கிளில் வரும் டிஸ்க் வேறு விஷயம். நெருக்கமான பார்க்கிங்கில் அந்தத் தட்டு வளைந்துவிடும், அப்புறம் ஓட்டும்போதெல்லாம் சர் சர் என்று உரசும். செயினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சொட்டுத் தட்டில் பட்டாலும் பிடிமானம் போய்விடும். கேபிளுக்குப் பதில் கம்பி வைத்த பழைய பிரேக் இரும்பு ரிம்மோடுதான் வரும், ரிம்மைப் பற்றி மேலே சொன்னேன்.

முன் ஷாக், சீட்டுக்கு அடியில் ஷாக் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். மலிவு ஷாக்கில் சீல் சரியாக இருக்காது, உப்பும் தண்ணீரும் உள்ளே போய் ஒரு வருஷத்தில் இறுகிவிடும், அப்புறம் எடை மட்டும் மிச்சம். அந்த வேலையைப் பருமனான டயரும் ஸ்பிரிங் வைத்த அகலமான சீட்டும் செய்யும்.

பிரேம் இரும்பா அலுமினியமா என்ற கேள்விக்கு, எந்த மாடியில் குடியிருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஹவுசிங் போர்டு பிளாட்டில் மூன்றாவது மாடி, கீழே விட்டால் காணாமல் போகும், தினமும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும் என்றால் அலுமினியம், இல்லை லேசான இரும்பு பிரேம். பழைய காலத்துப் பெரிய சைக்கிள் 20 கிலோவைத் தொடும், அதைப் படியில் தூக்குவது தினசரி தண்டனை. தரைத்தளம், முற்றம், வாசல் என்று நிறுத்த இடம் இருப்பவர்களுக்கும், தினமும் மூட்டை ஏற்றுகிறவர்களுக்கும் அந்தப் பெரிய சைக்கிளை விடச் சிறந்த ஒன்று இன்றைக்கும் இல்லை. அலுமினியம் துருப்பிடிக்காது என்று கடையில் சொல்வது உண்மை. ஆனால் அதில் மாட்டியிருக்கும் இரும்பு போல்ட்டும் சீட் பைப்பும் கடல் காற்றில் பிரேமோடு ஒட்டிப்போகும், பிறகு சுத்தியலால் அடித்தாலும் வராது. எந்த பிரேமாக இருந்தாலும் சீட் பைப்பை வெளியே எடுத்து கிரீஸ் தடவி உள்ளே விடுவது வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கட்டும். குறுக்கே பார் இல்லாமல் வளைந்து இறங்கும் பிரேமை லேடீஸ் சைக்கிள் என்று ஒதுக்காதீர்கள். வேட்டி கட்டுகிறவர்களுக்கும், முட்டி வலி உள்ளவர்களுக்கும், கேரியரில் உயரமாகச் சாமான் கட்டுகிறவர்களுக்கும் ஏறி இறங்க அதுதான் சுலபம்.

சரி, ஒரு சைக்கிளைப் பார்த்துப் பிடித்துவிட்டது. உடனே பணம் கொடுக்காதீர்கள். போனில் நாலு படம் எடுங்கள், பின் சக்கரம், பிரேக், பெடல் இருக்கும் நடுப்பகுதி, டயர் எண். எடுத்துக்கொண்டு உங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போய், "அண்ணே, இந்த வண்டி வாங்கலாம்னு இருக்கேன், இதுக்கு சாமான் உங்ககிட்ட இருக்கா, நீங்க பார்ப்பீங்களா?" என்று கேளுங்கள். அவர் படத்தைப் பார்த்ததும் "கொண்டா தம்பி, பார்த்துக்கலாம்" என்றால் வாங்கலாம். உதட்டைப் பிதுக்கி, இது கம்பெனிக்குத்தான் எடுத்துட்டுப் போகணும் என்றால் வேறு பாருங்கள். எந்த பிராண்டு நல்லது என்று இணையத்தில் நாள் கணக்காகத் தேடுவதைவிட இந்த ஐந்து நிமிடம் உங்களுக்குப் பல வருஷம் உதவும். அந்த மனிதர் கையில் இருக்கிற ஸ்பேனரும் டப்பாவில் இருக்கிற பால்ரஸ் குண்டும்தான் உங்கள் சைக்கிளின் ஆயுள். பெரும்பாலான சாதாரண சைக்கிளில் முன் ஹப்புக்கு 3/16 இஞ்ச் குண்டு, பின் ஹப்புக்கு கால் இஞ்ச், அவரிடம் எப்போதும் இருக்கும். ஹப் அப்படிக் குண்டு போட்டதாகவே இருக்கட்டும். பெடல் நடுவில் மட்டும் முழுசாக சீல் செய்த அச்சு கிடைத்தால் அதை எடுங்கள், சேறும் தண்ணீரும் அதிகம் அடிக்கிற இடம் அது.

புதுசு வாங்கும் முன் வீட்டையும் ஒரு முறை பாருங்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் எத்தனை வீட்டு மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கிறது! ஒற்றை கியர், மட்கார்டு, செயின் கவர், கேரியர் எல்லாம் உள்ள வண்டி. பிரேம் வளையாமல், வெல்டிங் இணைப்பில் விரிசல் இல்லாமல் இருந்தால், முழுசாகப் பிரித்து ஓவராயில் செய்து, டயர் டியூப், செயின், பிரேக் கட்டை மாற்றி, முடிந்தால் இரண்டு அலாய் ரிம்மும் போட்டுவிட்டால், புது வண்டியின் விலையில் ஒரு பகுதியிலேயே நான் மேலே சொன்ன சைக்கிள் கிட்டத்தட்ட கையில் வந்துவிடும்.

புதுசு என்றால் கடையில் பூட்டித் தருவதை அருகில் நின்று பாருங்கள். பெட்டியில் பாதி பூட்டி வரும் சைக்கிளை அவசரத்தில் முடித்துக் கொடுப்பதுதான் வழக்கம், கூட்டம் உள்ள நாளில் கிரீஸ் கூடச் சரியாக வைக்க மாட்டார்கள். ஹேண்டில், ஹப், இரண்டிலும் கிரீஸ் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், சொல்வதில் வெட்கம் வேண்டாம், பணம் உங்களுடையது. இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், அதை மாற்றித் திருகினால் மரை போய்விடும், அதனால் அது கையால் சுலபமாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். சீட் உயரத்துக்கு எளிய வழி: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக வேண்டும். பலரும் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டிவிட்டு முட்டி வலிக்கிறது, சைக்கிள் சரியில்லை என்கிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் ஓட்டியதும் போக்ஸ் கம்பிகள் தளரும், அப்போது ஒரு முறை இறுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டால் அந்தச் சக்கரம் நெடுநாள் தொந்தரவு தராது.

விளக்கும் ஒளிரும் பட்டையும் கட்டாயம். கன்டெய்னர் லாரியின் இடதுபுறம், டிரைவர் கண்ணில் படாத அந்த இடத்தில் போய் நிற்காதீர்கள், சிக்னலில்கூட. நல்ல பூட்டு வாங்குங்கள், சக்கரத்தை மட்டும் பூட்டாமல் பிரேமோடு சேர்த்து ஒரு கம்பத்தில் கட்டுகிற நீளம் இருக்கட்டும்.

அப்புறம் பராமரிப்பு. இப்படி ஒரு வண்டிக்கு வேலை மிகக் குறைவு, ஆனால் அந்தக் கொஞ்சத்தை விடக் கூடாது. கடலோரம் ஓட்டினால் வாரம் ஒரு முறை ஒரு குவளை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், உப்பு போய்விடும். மாதம் ஒரு முறை செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு மேலே தங்கியதைத் துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், பைக்கிலிருந்து எடுத்த கறுப்பு ஆயிலில் இரும்புத் தூள் இருக்கும், இரண்டும் வேண்டாம். செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஸ்கேல் போதும். செயினில் 24 கண்ணி புதிதாக இருக்கும்போது சரியாக 12 இஞ்ச் இருக்கும். ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் பிரீவீலும் சேர்ந்து போயிருக்கும், செலவு கூடும்.

வடகிழக்குப் பருவமழை நமக்கு அக்டோபரில் தொடங்கிவிடும், அதற்கு முன் செப்டம்பரிலேயே பிரேக் கட்டை, கேபிள், டயர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கணேசபுரம், வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் சைக்கிளில் இறங்க வேண்டாம், உள்ளே திறந்த குழி இருந்தாலும் தெரியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கம் நாள் கணக்கில் தண்ணீர் நின்றதே, அந்த மாதிரி ஹப் மூழ்கும் அளவுக்கு வண்டி தண்ணீரில் கிடந்தால், ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கிரீஸ் கரைந்து குண்டு துருப்பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வடிந்த வாரத்திலேயே இரண்டு ஹப்பையும் பெடல் அச்சையும் பிரித்து, பழைய கிரீஸைத் துடைத்து, குண்டு மாற்றி, புது கிரீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தெருவே கடை வாசலில் வரிசையில் நிற்கும், காலையில் கடை திறக்கும்போதே போய்விட்டால் அன்று சாயந்திரம் வண்டி கையில் வரும்.